குறைந்த முதலீட்டில் கறவை மாட்டுப் பண்ணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள பதில்கள் தமிழ்நாட்டுச் சமவெளியில் உள்ள ஒரு குடும்பத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கையில் சுமார் 3 லட்சம் ரூபாய், தண்ணீர் வசதியுள்ள 50 சென்ட் நிலம், வீட்டில் வேலை செய்ய இரண்டு பேர். ரூபாய்க் கணக்கு எல்லாம் மாதிரிக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு ஒருமுறை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

3 லட்சத்தில் எத்தனை மாடு வாங்கலாம்?

இரண்டு. அதையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதல் மாட்டை வாங்கி நான்கைந்து மாதம் கழித்து இரண்டாவதை வாங்குங்கள். ஒரு மாடு ஏறக்குறைய பத்து மாதம் கறக்கும், இரண்டு மாதம் வற்றி நிற்கும். இரண்டும் ஒன்றாகக் கன்று போட்டால் ஒன்றாகவே வற்றும். அந்த இரண்டு மாதமும் தீவனக் கடைக்குப் பணம் போகும், பால் பட்டுவாடா வராது. புதிதாகத் தொடங்கியவர்கள் மாட்டை விற்றுவிட்டு ஒதுங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இடைவெளி விட்டால் எப்போதும் ஒரு மாடாவது கறவையில் இருக்கும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

கறவை மாடு 2: 1,40,000
கொட்டகை: 50,000
புல் நறுக்கும் இயந்திரம், 2 எச்.பி.: 28,000
தீவனப் பயிர் நடவு: 10,000
காப்பீடு, வண்டி வாடகை, பால் கேன், வாளி, கயிறு: 12,000
முதல் மூன்று மாதத் தீவனம்: 30,000
கையிருப்பு: 30,000

கடைசி வரியை அழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நல்ல மாடாக வாங்கிவிடலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். கன்று போட்ட மூன்றாம் நாள் மாடு படுத்துவிட்டால் அன்றைக்கே மருத்துவருக்கும் மருந்துக்கும் பணம் வேண்டும். அதே போல, இரண்டு மாட்டுக்கு 2 லட்சம் செலவில் கொட்டகை கட்டிவிட்டு, தவிடு வாங்கக் கடன் கேட்டு நிற்கும் பண்ணைகள் ஊருக்கு ஊர் உண்டு. கட்டடம் பால் தராது.

முதல் வேலை என்ன?

புல் நடுவது. கோ-4 கம்பு நேப்பியர் நட்ட 75 முதல் 80 நாளில்தான் முதல் அறுப்புக்கு வரும். பிறகு 45 நாளைக்கு ஒருமுறை அறுக்கலாம். ஆகவே மாடு வாங்கும் நாளுக்கு மூன்று மாதம் முன்பே கரணை, அதாவது நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டு, மண்ணில் இருக்க வேண்டும். மாட்டை வாங்கிவிட்டுப் புல் நட்டால், அந்த மூன்று மாதமும் விலைக்குப் பசுந்தீவனம் வாங்கியே பால் காசு தீர்ந்துவிடும்.

50 சென்ட்டில் 20 சென்ட் கோ-4க்கு ஒதுக்குங்கள். 60 செ.மீ. இடைவெளியில் பார் (மண் வரப்பு) பிடித்து, அதில் 50 செ.மீ.க்கு ஒன்றாக இரண்டு கணு உள்ள கரணையை நட்டால் 20 சென்ட்டுக்கு ஏறக்குறைய 2,700 கரணை பிடிக்கும். 20 சென்ட் என்பது 8,712 சதுர அடி. அதை 45 நாளுக்குப் பிரித்தால் தினம் சுமார் 190 சதுர அடி அறுக்கலாம். குச்சி நட்டு 45 பாத்தியாக அடையாளம் வைத்து, ஒவ்வொரு பாத்தியையும் அறுத்த அன்றே அதற்குச் சாணிக் கரைசலும் தண்ணீரும் விட்டுவிடுங்கள். ஓரளவு பராமரிப்பிலேயே பாத்திக்கு 50 கிலோ வரும். இரண்டு மாட்டுக்குப் போதும். இப்படிப் பிரிக்காமல் கண்ட இடத்தில் அறுத்தால் ஒரு மூலையில் புல் முற்றித் தண்டாகும், இன்னொரு மூலையில் பிஞ்சாக வெட்டுப்படும். முற்றிய தண்டை மாடு தொட்டியிலேயே மிச்சம் வைத்துவிடும்.

கரணையை வேளாண் அறிவியல் நிலையம், கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் அல்லது பக்கத்துப் பண்ணையில் வாங்கலாம். ஒரு வருடம் போனால் உங்கள் வயலிலேயே எடுக்கலாம்.

கோ-4 மட்டும் போதாதா?

வயிறு நிறையும், புரதம் போதாது. இந்த வகைப் புல்லில் உள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தையும் கட்டிப்போடும். அதனால் 12 சென்ட்டில் வேலிமசால் விதையுங்கள், வரப்பிலும் வேலியோரத்திலும் அகத்தி, கிளைரிசிடியா, சுபாபுல் வையுங்கள். இந்தச் செடி, மரங்களின் தழைதான் பயறு வகைத் தீவனம். மாட்டுக்கு நாளைக்கு 7 கிலோ பயறு வகைத் தீவனம் கிடைத்தால் அது ஏறக்குறைய ஒரு கிலோ அடர்தீவனத்துக்கு (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த தீவனம்) சமம். பணம் குறைவாக உள்ள பண்ணையில் லாபம் ஒளிந்திருக்கும் இடம் இதுதான். எவ்வளவு என்பதை வரவு செலவுக் கேள்வியில் பாருங்கள்.

மீதி நிலத்தில் கோ.எஃப்.எஸ்-29 சோளம் போடலாம். ஒரு எச்சரிக்கை: பிஞ்சுச் சோளத்திலும் வெயிலில் வாடிய சோளத்திலும் நச்சு உண்டு. பூக்கும் பருவம் வருவதற்கு முன் அறுத்துப் போடாதீர்கள், அறுத்த தாளிலிருந்து கிளம்பும் மறுதாம்புத் துளிரில் மாட்டை அவிழ்த்தும் விடாதீர்கள். தின்ற சில நிமிடத்திலேயே மூச்சுத் திணறி விழும். மருத்துவர் வந்து சேர நேரமே இருக்காது.

கோடையில் தண்ணீர் குறைந்தால்?

அறுவடைக் காலத்தில் வைக்கோலும் சோளத்தட்டும் கடலைக்கொடியும் விலை இறங்கும். அப்போதே மாட்டுக்கு ஒரு டன் கணக்கில் போர் போட்டுவிடுங்கள். வைக்கோலில் சத்தைக் கூட்ட 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 60 லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் மூடி 21 நாள் வைக்க வேண்டும். எடுத்ததும் சிறிது நேரம் காற்றாட விட்டுக் கொடுங்கள். ஆறு மாதத்துக்குக் கீழ் உள்ள கன்றுக்கு இது ஆகாது. யூரியாக் கரைசல் வாளியை மாட்டுக்கு எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. குடித்தால் உயிர் போய்விடும்.

கொட்டகை எப்படி இருக்க வேண்டும்?

கிழக்கு மேற்காக நீளம் இருந்தால் வெயில் உள்ளே குறைவாக விழும். ஒரு மாடு நிற்க 5½ அடி நீளம், 4 அடி அகலம். நாளைக்கு நான்கு மாடு ஆகும் என்று இடத்தை விட்டு, இப்போது இரண்டு மாட்டுக்கு மட்டும் கூரை போடுங்கள். நான்கு பக்கமும் சுவர் வேண்டாம், காற்றுதான் வேண்டும். பின்னால் மாட்டுக்கு 75 சதுர அடி கணக்கில் வேலியடைத்த திறந்த வெளியும் அதில் ஒரு மர நிழலும் இருந்தால், பகலில் கட்டாமல் விட்டுவிடலாம். குளம்பு நோயும் குறையும், பருவத்துக்கு வருவதும் கண்ணில் படும்.

கூரைக்குத் தென்னங்கீற்றுதான் குளிர்ச்சி. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தாலும் கையில் உள்ள பணத்துக்கு அதுவே சரி. தகரம் போட்டே ஆக வேண்டும் என்றால் நடுவில் 12 அடி உயரம் கொடுத்து, மேலே கீற்றைப் பரப்புங்கள் அல்லது சுண்ணாம்பு அடியுங்கள்.

செலவை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் தரை. 5 அடிக்கு ஒன்றரை அங்குலம் என்று பின்பக்கமாகச் சரிவு வைத்து, சொரசொரப்பான சிமென்ட் தரை போடுங்கள். கொத்தனாருக்கு வழவழப்பாகத் தேய்த்துப் பழக்கம். நின்று சொல்லி, ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் கோடு இழுக்கச் செய்யுங்கள். வழவழத் தரையில் சறுக்கி இடுப்பு விலகிய மாடு திரும்ப எழுவது அரிது. சரிவு போதாமல் மூத்திரம் தேங்கினால் அந்த ஈரத்தில்தான் மடி படுகிறது. மடிநோய் அங்கேதான் தொடங்குகிறது.

எந்த இனம் வாங்குவது?

சமவெளி வெயிலுக்கு ஜெர்சி கலப்பினம். எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பினம் லிட்டர் கூடுதலாகக் கறக்கும், ஆனால் வெயிலில் இரைக்கும், தீவனம் அதிகம் கேட்கும், கொழுப்பும் குறைவு. மலைப் பகுதிக்கு அது பொருந்தும். காங்கேயமும் உம்பளச்சேரியும் பர்கூரும் நம் மண்ணின் பெருமை, காப்பாற்ற வேண்டியவை. ஆனால் அவை உழவுக்கும் வண்டிக்கும் பெயர்போன இனங்கள். பாலை விற்றே தவணை கட்ட வேண்டிய முதல் வருடத்தில் அவற்றை நம்பி இறங்க முடியாது.

வாங்க வேண்டியது இரண்டாம் ஈத்து மாடு, அதாவது இரண்டாம் முறை கன்று போட்டது, கன்று போட்டு இரண்டு மூன்று வாரம் ஆனது, உச்சத்தில் நாளைக்கு 12 லிட்டர் கறப்பது. 20 லிட்டர் மாடு புதியவர்கள் கைக்கு வேண்டாம். தீவனம் ஒரு நேரம் பிசகினாலும் அது தாங்காது.

சந்தையில் என்ன பார்க்க வேண்டும்?

முடிந்தால் சந்தைக்கே போகாமல், பால் சங்கத்தில் விசாரித்துப் பண்ணையிலேயே வாங்குங்கள். ஈரோடு கருங்கல்பாளையம், பொள்ளாச்சி, வேலூர் பொய்கை போன்ற பெரிய சந்தைகளில் மாடு நிறைய வரும். ஆனால் அங்கே ஒரு வேளைக் கறவையைக்கூட முழுதாகப் பார்க்க வழியில்லை. ஒரு நேரம் கறக்காமல் விட்டு மடியைப் புடைக்க வைத்து நிறுத்துவது பழைய வழக்கம். பண்ணையில் வாங்கும்போது முதல் நாள் மாலை மடி காலியாகக் கறக்கச் சொல்லி, அந்தப் பாலைக் கணக்கில் சேர்க்காமல், மறுநாள் காலை, மாலை இரண்டு கறவையையும் கூட்டுங்கள். அதுதான் மாட்டின் உண்மையான லிட்டர்.

கறக்கும்போது நான்கு காம்பிலும் நீங்களே இழுத்துப் பாருங்கள். நான்கிலும் பால் ஒரே கனத்தில் வர வேண்டும். முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டால் பாலில் திரிந்த கட்டி இருந்தால் தெரியும். கறந்து முடித்த மடி காலிப் பை போலச் சுருங்க வேண்டும். சுருங்காமல் உள்ளே கட்டி தட்டுப்பட்டால் அது பழைய மடிநோய்.

வயதுக்குப் பல் பாருங்கள். பால் பல் விழுந்து முளைத்த பெரிய பல்லைத்தான் எண்ண வேண்டும். இரண்டு பல் என்றால் சுமார் இரண்டு, இரண்டரை வயது. எட்டுப் பல்லும் முளைத்து முடிந்தது என்றால் நாலரை, ஐந்து. கொம்பு வளையத்தை மட்டும் நம்ப வேண்டாம், அரத்தால் தேய்த்துவிடுவார்கள். காதில் 12 இலக்க வில்லை இருக்கிறதா, கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசிப் பதிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கன்று அந்த மாட்டினுடையதுதானா என்பது, அவிழ்த்துவிட்டதும் தாய் நக்குவதிலேயே தெரிந்துவிடும்.

மாடு வந்த முதல் வாரம்?

பழைய இடத்தில் என்ன தீவனம், எந்த நேரம் என்று கேட்டு வந்து முதல் மூன்று நாள் அதையே கொடுங்கள். பிறகு ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீவனத்துக்கு மாற்றுங்கள். இடமாற்றத்தில் ஒன்றிரண்டு லிட்டர் குறைவது இயல்பு, ஏமாந்துவிட்டோம் என்று பதற வேண்டாம். உண்ணி இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணிக் காய்ச்சல் கலப்பின மாட்டை ஒரே வாரத்தில் உருக்கிவிடும். இரண்டாவது மாடு வரும்போது அதை இரண்டு வாரம் தனியாகக் கட்டுங்கள். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அரசு முகாமில் இலவசம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம்?

பசும்புல் 25 கிலோ, பயறு வகை 7 கிலோ, வைக்கோல் அல்லது தட்டு 5 கிலோ. அடர்தீவனம் லிட்டர் பாலுக்கு 400 கிராம். பசுந்தீவனம் இந்த அளவு கிடைக்காத நாளில் உடல் பராமரிப்புக்கு இன்னும் 1½ கிலோ. சினையின் கடைசி இரண்டு மாதமும் கன்றுக்காக அதே 1½ கிலோ. தாது உப்பு 50 கிராம், கல்லுப்பு 30 கிராம். தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் நிற்க வேண்டும். கோடையில் 80 லிட்டருக்கு மேலும் குடிக்கும். இரண்டு வேளை மட்டும் தண்ணீர் காட்டும் வீட்டில் வேறு எதையும் மாற்றாமல் தொட்டியை மட்டும் நிரப்பி வைத்தாலே பால் கூடும்.

மிச்சச் சோறு, பொங்கல் கொடுக்கலாமா?

கூடாது. மாட்டுப் பொங்கலன்று அன்போடு ஒரு குண்டான் பொங்கல் கொடுத்து, மறுநாள் மாடு அசைபோடாமல் நிற்பது ஒவ்வொரு தை மாதமும் நடக்கிறது. மாவுச்சத்து வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகிறது. புளித்த வாடையோடு தண்ணீராகக் கழியும், தீவனம் தொடாது, கண் குழிவிழும். சம்பிரதாயத்துக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். அதிகம் தின்றுவிட்டது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் 1962க்கு அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். எண்ணெய் எதையும் மூங்கில் குழாயில் ஊற்றாதீர்கள். நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

மடிநோய் வராமல் எப்படிக் காப்பது?

கறப்பதற்கு முன் மடியைக் கழுவி, ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணியால் துடையுங்கள். கட்டைவிரலை மடக்கிக் கறப்பது காம்பின் உள்ளே காயப்படுத்தும். முழுக் கையால் பிடித்துக் கறக்கப் பழகுங்கள். கறந்ததும் ஒவ்வொரு காம்பையும் போவிடோன் அயோடின் கரைசலில் முக்குங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரம் ஆகும். அதுவரை மாடு படுக்கக் கூடாது, அதற்காகக் கறந்த கையோடு தொட்டியில் புல்லைப் போடுங்கள். பணம் செலவில்லாத இந்த ஒரு பழக்கம் மடிநோயைக் குறைக்க உதவும்.

மடி வீங்கியதும் சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, தண்ணீரில் கொஞ்சம் கரைத்து மடி முழுவதும் பூசலாம். நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள். காய்ச்சலோ பாலில் ரத்தமோ இருந்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊசி போட்ட மாட்டின் பாலை அவர் சொல்லும் நாள்வரை யாருக்கும் ஊற்றாதீர்கள், குழந்தைகள் குடிக்கும் பால் அது.

சங்கத்தில் விலை குறைத்துப் போடுகிறார்களே?

ஆவின் சங்கங்களில் விலை கொழுப்பையும் இதரச் சத்தையும் (பாலில் கொழுப்பு தவிர்த்த திடப்பொருள்) வைத்துத்தான். பசும்பாலுக்கு 2022 நவம்பரில் லிட்டர் 35 ரூபாய் ஆனது, 2023 டிசம்பரிலிருந்து 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்தது. முழு விலை கிடைக்க கொழுப்பு 4.3, இதரச் சத்து 8.2 இருக்க வேண்டும்.

கொழுப்பு குறைந்தால் உலர்தீவனம் போதவில்லை என்று பொருள், அல்லது கடைசிப் பாலை மடியிலேயே விடுகிறீர்கள். கொழுப்பு மிகுந்தது அந்தக் கடைசிப் பால்தான். கன்றுக்கு விட நினைத்தால் முதல் பாலை விடுங்கள். இதரச் சத்து குறைந்தால் அடர்தீவனமும் தாது உப்பும் பற்றாக்குறையா, வெளியே தெரியாத மடிநோயா என்று பாருங்கள்.

சினை பிடிக்கவில்லையே?

பெரும்பாலும் குறை மாட்டிடம் இல்லை, நேரத்தில்தான். மாடு 21 நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அந்த அறிகுறி ஒரு நாள்கூட முழுதாக நிற்காது. கண்ணாடி போன்ற வழும்பு, கத்தல், பால் குறைதல். காலையில் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை சினை ஊசி போட வேண்டும். கன்று போட்ட 60 நாளுக்குப் பிறகு வரும் முதல் பருவத்தை விடாதீர்கள். காலண்டரில் தேதியைக் குறித்து, 21ஆம் நாள் விடியற்காலையிலும் இரவு ஒன்பது மணிக்கும் கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனம் வீண். மூன்று ஊசிக்கும் நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஊசி போட்ட மூன்றாம் மாதம் சினைப் பரிசோதனை. கன்று போட 280 நாள். அதற்கு 60 நாள் முன்பு கறவையை வற்றச் செய்துவிட வேண்டும்.

கன்றை எப்படிக் கவனிப்பது?

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருக்காதீர்கள். 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 2½ லிட்டர் உள்ளே போக வேண்டும். தொப்புளில் அயோடின் வையுங்கள், இரண்டாம் வாரம் குடற்புழு மருந்து. கிடேரிக் கன்றுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி ஒருமுறை. நல்லபடி வளர்த்த கிடேரிதான் உங்கள் மூன்றாவது மாடு, சந்தைக்குப் போகாமலே கிடைப்பது.

கடன், காப்பீடு?

மாடு வாங்க டாப்செட்கோ (பிற்படுத்தப்பட்டோருக்கான அரசுக் கழகம்), தாட்கோ (ஆதிதிராவிடருக்கான அரசுக் கழகம்), கூட்டுறவு வங்கி வழியே கடன் உண்டு. கிசான் கடன் அட்டை கால்நடைக்கும் கிடைக்கும், ஆனால் அது தீவனம், மருந்து போன்ற நடைமுறைச் செலவுக்கானது. 2 லட்சம் வரை 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதமாகும். மானியம் வரும் என்று நம்பி மாட்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். காப்பீட்டில் காது வில்லைதான் உயிர். வில்லை விழுந்துவிட்டால் அன்றே எழுதிக் கொடுத்துப் புதிது போடுங்கள். வில்லை இல்லாத மாட்டுக்கு இழப்பீடு கிடைக்காது.

ஒரு வருடத்தில் என்ன மிஞ்சும்?

முதலில் பயறு வகைத் தீவனம் இல்லாத பண்ணையில், ஒரு மாட்டுக்கு. உச்சக் கறவையை 200ஆல் பெருக்கினால் ஒரு ஈத்துப் பால் ஏறக்குறைய கிடைக்கும். 12 லிட்டர் மாடு 2,400 லிட்டர். தரம் ஏறி இறங்குவதால் சராசரி 36 ரூபாய் என்று வைத்தால் 86,400. அடர்தீவனம் பாலுக்கு 960 கிலோ, உடல் பராமரிப்புக்கு நாளைக்கு 1½ கிலோ வீதம் ஏறக்குறைய 550 கிலோ. கிலோ 28 ரூபாய் என்றால் 42,280. உலர்தீவனம் 14,600. தாது உப்பு 2,000. மருத்துவம், சினை ஊசி, காப்பீடு 6,000. மிச்சம் 21,520, அதுவும் உங்கள் உழைப்புக்குக் கூலி போடாமல்.

இப்போது வேலிமசாலும் அகத்தியும் உள்ள பண்ணையைப் பாருங்கள். கறவைக் காலம் முழுவதும் அந்த 1½ கிலோ அடர்தீவனம் வேண்டாம். 12,810 ரூபாய் மிச்சப்பட்டு, கையில் நிற்பது 34,330. பாதிப் பாலை வீடுகளுக்கு லிட்டர் 50 ரூபாய்க்கு ஊற்ற முடிந்தால் இன்னும் 16,800. சாணமும் கன்றும் தனி.

கறவை இயந்திரம் வாங்கலாமா?

இரண்டு மாட்டுக்கு வேண்டாம்.

எப்போது மாட்டைக் கூட்டலாம்?

இரண்டு மாடும் மறுபடி சினை பிடித்து, ஒன்று வற்றி நிற்கும்போதும் கையிருப்பு 30,000 குறையாமல், வயலில் தினம் ஒரு பாத்தி புல் மிஞ்சத் தொடங்கினால். மூன்றாவது மாட்டுக்கு 10 சென்ட் புல்லும் 6 சென்ட் வேலிமசாலும் கூடுதலாக வேண்டும். அதை நட்ட தேதியிலிருந்து மூன்று மாதம் எண்ணிக்கொண்டு மாடு பார்க்கக் கிளம்புங்கள்.